கடன் எல்லையும் வெள்ளிக்கிழமை முறையும்

நவம்பர் 4, திங்கள்

இன்றைக்கு வார்ட்டில் எல்லோரையும் இருத்தி வைத்துச் சொன்னார்கள். இனிக் கிழமைக்கு மூன்று தரம் இல்லை, இரண்டு தரம்தான். திங்களும் வெள்ளியும். இரத்தம் சுத்திகரிக்கிற மெசினுக்குப் போடும் பில்டர் முடிந்துகொண்டு வருகிறதாம்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை இவருக்கு நான் தமிழில் சொன்னேன். இவருக்குச் சிங்களம் தெரியாதென்றில்லை. கொழும்பில் படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதன். ஆனால் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். சிறுநீரகம், கிரியேட்டினின் என்று வந்தால் என் முகத்தைப் பார்ப்பார். பாராளுமன்றச் சபையில் உரைபெயர்ப்பாளராக இருக்கிற பெண்சாதிக்கு வீட்டிலும் விடுமுறை இல்லை.

"புதன்தானே போகுது. புதன்கிழமையிலை எங்களுக்கு என்ன நல்லது நடந்தது?" என்றார்.

பக்கத்துக் கதிரைத் தீபிகா, அங்கிள் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். தையல் தொழிற்சாலையில் வேலை செய்த பெண், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவளுக்கும் மொழிபெயர்த்தேன். சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து, இவருக்கு ஆகாத பொட்டாசியம் போக உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டேன். காஸ் இன்றைக்கோ நாளைக்கோ முடியும்.

நவம்பர் 5, செவ்வாய்

பில்டர் ஏன் இல்லை என்பது இன்றைக்குத்தான் விளங்கியது, அதுவும் என் வாயாலேயே. சுகாதார அமைச்சர் சபையில் பேச, நான் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். பில்டர் பெட்டிகள் துறைமுகத்துக்கு வந்துவிட்டன. காசு கட்டினால்தான் விடுவார்கள். அரசாங்கத் திறைசேரி, சட்டம் அனுமதித்த கடன் எல்லையைத் தொட்டு நிற்கிறது. சபை அந்த எல்லையை உயர்த்தி வாக்களித்தால்தான் மேற்கொண்டு கடன் வாங்கலாம், காசு கட்டலாம். தீர்மானம் இன்று சமர்ப்பிக்கப்பட்டது.

சொல்லி முடித்து, என்னோடு முறை மாறிப் பேசும் சவரிமுத்துவிடம் மைக்கைக் கொடுத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் தொழிலில் அது சகஜம். காதால் வந்து வாயால் போய்விடும், நடுவில் ஒன்றும் தங்காது.

நவம்பர் 7, வியாழன்

விவாதம். எதிர்க்கட்சியின் லியனகமகே பேசினார். பேசுகிறவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது, அது விதி. ஆகவே அரை மணித்தியாலம் நான் லியனகமகேயாக இருந்தேன். "பிறக்காத குழந்தையின் தலையில் கடன் ஏற்றும் இந்தப் பாவத்துக்கு நான் கை தூக்கமாட்டேன்!" என்று மேசையில் தட்டாத குறை.

போன ஆட்சியில் இதே மனிதன் அமைச்சராக இருந்தபோது இதே மாதிரி ஒரு தீர்மானத்தைத் தானே கொண்டுவந்தார். அப்போது, "வீட்டில் அடுப்பு எரியவேண்டுமென்றால் கடன் வாங்கத்தான் வேண்டும், இதை எதிர்ப்பவன் நாட்டுக்குத் துரோகி" என்று பேசினார். அதையும் நான்தான் பேசினேன். அன்றைக்கு எதிர்த்தவர்கள் இன்றைக்கு அரசாங்கம். அவர்களுக்கு இப்போது அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

சவரிமுத்து பண்டாரவளைக்காரன், வாய் சும்மா இருக்காது. "அக்கா, இவனுங்க பேச்ச எழுதி ரெண்டு பெட்டியில போட்டு வச்சிருவோம். ஆட்சி மாறுனா பெட்டிய மாத்திக் குடுத்தாப் போதும். நம்மளும் வீட்டுக்குப் போயிரலாம்" என்றான்.

சிரித்தேன். வீட்டுக்கு வந்து இவருக்குச் சொல்ல இவரும் சிரித்தார். பிறகு மூச்சு வாங்கி, கொஞ்ச நேரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 8, வெள்ளி

இவருக்குப் பெரிய அளவில் ஒரு சோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். பழையது கடிக்கிறதாம். கால் வீக்கம் என்று பெரிதாக இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

இன்றைக்கு வாக்கெடுப்பு என்றார்கள், நடக்கவில்லை. வரியைக் குறைத்தால் பார்க்கலாம் என்று எதிர்க்கட்சி. போன ஆட்சிக் கடனுக்கு மன்னிப்புக் கேட்டால் குறைக்கலாம் என்று அரசாங்கம். எட்டு நாள் தள்ளிவைத்தார்கள்.

லிப்டில் லியனகமகே ஏறினார். என்னை அவருக்குத் தெரியாது, கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்து, "ஓ, தமிழ்க் குரல் நீங்கள்தானா?" என்றார். நல்ல மரியாதையான மனிதன். எனக்கு என்ன வந்ததோ, கேட்டுவிட்டேன். "சேர், இந்தத் தீர்மானம் தோற்றால் ஆஸ்பத்திரிச் சாமான் வராதே?"

"தோற்காது மிஸ். அரசாங்கத்துக்கு ஆள் இருக்கிறது. நாங்கள் எதிர்க்கத்தானே வேண்டும், இல்லாவிட்டால் தொகுதியில் முகம் காட்ட முடியாது. நிறைவேறாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? வீணாகக் கவலைப்படாதீர்கள்."

அப்படியானால் எல்லோருக்கும் இது நிறைவேறவேண்டும். நிறைவேற்றிய பழி மட்டும் வேண்டாம். எனக்கு ஆறுதலாக இருந்தது. இவருக்கும் சொன்னேன்.

"அப்ப சரி," என்றார் இவர். "எல்லாரும் மற்றவன் கை தூக்குவான் எண்டு நிக்கினம்."

நவம்பர் 15, வெள்ளி

ஆஸ்பத்திரி. நாலு மணித்தியாலம் மர வாங்கில் இருந்தேன். தீபிகா தன் மகளின் பள்ளிக்கூட உடுப்புக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறாத கையால் தைக்கிறாள். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஏதோ சொல்ல, அவள் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் நான் இல்லாமலே கதைத்துக்கொண்டார்கள். எதைப் பற்றியென்று நான் கேட்கவில்லை.

காஸ் வரிசை பெற்றோல் நிலையம் வரை நின்றது. மண்ணெண்ணெய் அடுப்பைத் தூசி தட்டி எடுத்தேன்.

நவம்பர் 20, புதன்

தீர்மானம் தோற்றுவிட்டது.

எப்படி என்று எழுதவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நானே நம்பமாட்டேன். அரசாங்கத்தில் ஒரு அமைச்சரின் மகனுக்குக் கண்டியில் கல்யாணம். சுபநேரம் பிற்பகலில். எப்படியும் நிறைவேறும்தானே என்று கொஞ்சப் பேர் அங்கே போய்விட்டார்கள். அரசாங்கத்திலேயே இன்னும் சிலர், வரி கூடியதற்குக் கோபம் காட்ட எதிர்த்து வாக்களித்தார்கள். தங்கள் வாக்கு இல்லாமலே வெல்லும் என்ற நம்பிக்கை. எதிர்க்கட்சியில் சிலர் வாக்கெடுப்பு நேரம் தேநீருக்கு எழும்பிப் போவதாக இருந்ததாம், சத்தமில்லாமல் நிறைவேறிவிடட்டும் என்று. ஆனால் தொலைக்காட்சிக் கமெரா யார் எழும்புகிறான் என்று தேடிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும்போது எங்களுக்கு வேலை இல்லை. நானும் சவரியும் கண்ணாடிக்குள் இருந்து பார்த்தோம். முடிவை வாசித்தபோது வென்ற பக்கத்தில் ஒருவரும் மேசையில் தட்டவில்லை. லியனகமகே பக்கத்து ஆசனக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னக்கா சொல்றாரு?" என்றான் சவரி.

மைக் இல்லை, உதடு மட்டும்தான் தெரிந்தது. "இப்ப என்ன செய்யிறது என்று கேட்கிறார்" என்றேன்.

அதே தீர்மானத்தை உடனே திரும்பக் கொண்டுவர ஏலாதாம். தொகையை மாற்றி, அரச வர்த்தமானியில் போட்டு, புதிதாகக் கொண்டுவரவேண்டும். இரண்டு கிழமையாவது ஆகும்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. பஸ்ஸில் இருக்கை கிடைத்தது, இருந்துகொண்டு வந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

சாளை மீன் நல்லது கிடைத்தது. இவர் சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

இனிக் கிழமைக்கு ஒரு தரம்தான். அதுவும் எல்லோருக்கும் இல்லை. முதலில் பதிந்தவர்களுக்கு முதலிடம் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். இவர் பழைய நோயாளி, இவருக்கு வெள்ளிக்கிழமை முறை உறுதி. தீபிகா போன வருஷம்தான் பதிந்தவள். அவளுக்கு இல்லை. வேறு ஆஸ்பத்திரியில் முயற்சி செய்யட்டுமாம். வேறு ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான் என்று டொக்டரே மெல்லச் சொன்னாள். சின்னப் பிள்ளை அந்த டொக்டர், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்.

இவர் என்னைப் பார்த்து, "இஞ்சேரும், டொக்டரிட்டைச் சொல்லும். என்ரை முறையை அந்தப் பிள்ளைக்குக் குடுக்கட்டாம். எனக்கு எழுபத்தொண்டு. நெஞ்சும் பழுது. எனக்கு இவ்வளவும் காணும்" என்றார்.

டொக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கிழமை தவறாமல் வருவாராம், உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றேன் சிங்களத்தில்.

டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். இவர் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு வசனத்தை நான் மாற்றிச் சொன்னது கிடையாது. யார் வாயில் என்ன அழுக்கு வந்தாலும் அப்படியே அடுத்த பக்கம் கொடுத்தவள். இன்றைக்கு மாற்றினேன். வெட்கமாக இல்லை. தேவையென்றால் திரும்பவும் மாற்றுவேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. மத்தியானம் இவர் கூப்பிட்டார். இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது, சாய்மனைக் கதிரையிலேயே இருக்கிறார்.

"அண்டைக்கு என்ன சொன்னீர் எண்டு எனக்கு விளங்கினது."

"தெரியும்," என்றேன். உள்ளிப்பூண்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

"சபையிலை இப்பிடிச் செய்வீரோ?"

"அங்கை செய்தால் வேலை போயிடும்."

"அங்கை கண்டவன் நிண்டவன் சொல்லுற புழுகையெல்லாம் ஒரு சொல்லு விடாமல் சொல்லுறீர். நான் ஒரேயொரு கதை சொன்னனான். அதை மட்டும் சொல்லமாட்டீர்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லியிருப்பேன். இவர் அப்படிச் சொல்லவில்லை.

"நான் என்ன செய்யிறது உங்களில்லாமல்? அதையும் சொல்லுங்கோவன்," என்றேன்.

"அதுக்கு எனக்கு மறுமொழி தெரியேல்லையப்பா. ஆனா அந்தப் பிள்ளைக்கு இரண்டு குஞ்சுகள். எங்களுக்கு ஆர் இருக்கினம், நீரும் நானும்தானே. நீர் சமாளிப்பீர்."

சமாளிப்பேனாம். எத்தனை சுலபமாகச் சொல்கிறார். எனக்கு இந்த மனிதன் வேண்டும், வீங்கின காலோடும் மூச்சோடும் வேண்டும். தீபிகாவின் பிள்ளைகள் நல்லாக இருக்கட்டும், ஆனால் எனக்கு இவர் வேண்டும். இதை இங்கே எழுதுகிறேன், வேறு எங்கே சொல்வது.

உள்ளி முழுவதையும் உரித்துவிட்டேன். இவ்வளவு உள்ளியை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

நவம்பர் 27, புதன்

சபை இருந்தது. மீன்பிடித் துறைமுகங்கள் பற்றிய கேள்விகள். புதிய தீர்மானம் அடுத்த புதன் வருகிறதாம். "ஒரு கிழமதானக்கா, கொஞ்சம் புடிச்சுக்கச் சொல்லுங்க அண்ணன" என்றான் சவரி. சொல்வதாகச் சொன்னேன்.

நவம்பர் 29, வெள்ளி

ஆட்டோவிலிருந்து வார்ட் வரைக்கும் சக்கர நாற்காலி. வாசலில் தீபிகா நின்றாள். முறை இல்லாவிட்டாலும் வந்திருக்கிறாள், யாராவது வராவிட்டால் அந்த இடம் கிடைக்கும் என்று. முகம் ஊதிப்போயிருந்தது. இவரைக் கண்டு சிரித்தாள்.

டொக்டர் வந்தாள். இவர் என்னைப் பார்க்கவில்லை, டொக்டரைப் பார்த்துச் சொன்னார், தமிழில், மெதுவாக, நான் விடாமல் சொல்வதற்கு வசதியாக.

நானும் சொன்னேன். வேலைப் பழக்கத்தில் விதிப்படியே வந்தது. "எனக்கு இனி இது வேண்டாம். என்னுடைய வெள்ளிக்கிழமையை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்."

டொக்டர் குழம்பிப்போய், "யாருக்கு வேண்டாம்? நீங்கள் சொல்கிறீர்களா, அவர் சொல்கிறாரா?" என்றாள்.

"அவர்," என்றேன்.

"நிறுத்தினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியுமா? கேளுங்கள். நான் கேட்டாகவேண்டும்."

கேட்டேன்.

"தெரியும்," என்றார் இவர்.

"எனக்குத் தெரியும்," என்றேன் சிங்களத்தில்.

"எத்தனை நாள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஒரு கிழமை, பத்து நாள், அதற்குள் பில்டர் வந்தால் மனம் மாறலாம் என்று சொல்லுங்கள்." சொன்னேன். "வந்தால் பாப்பம்" என்றார். அதையும் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை.

தீபிகாவை உள்ளே கூப்பிட்டார்கள். யாரோ வராத ஆளின் இடம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "அவளுக்குச் சொல்லாதையும்" என்றார் இவர். நான் அவளுக்கு ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

இவர் நிறைய நேரம் நித்திரை. ஐஸ் கட்டி கேட்டார், தண்ணீர்க் கட்டுப்பாடு இனி எதற்கு, எவ்வளவும் கொடுக்கலாம்தானே, கொடுத்தேன். வாழைப்பழமும் கேட்டார். சிறுநீரகத்துக்கு ஆகாதென்று மூன்று வருஷமாக வாயில் வைக்காத பழம். பாதி சாப்பிட்டார்.

டிசம்பர் 4, புதன்

சவரி வரவேண்டாம் என்றான். இவரின் தங்கை, என் மச்சாள், வந்து இவரோடு இருந்ததால் போனேன். முடிவு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தீர்மானம் நிறைவேறியது. வாக்கெடுப்பே இல்லை. சபாநாயகர் கேட்டார், ஒருவரும் எதிர்க்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது. போன தரம் நாள் முழுக்கப் பேசியவர்கள் இன்றைக்கு வாய் திறக்கவில்லை. முழுவதும் முடிய, நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் எடுத்தது.

டிசம்பர் 6, வெள்ளி

வார்ட்டிலிருந்து நேர்ஸ் போன் எடுத்தாள். பெட்டிகளைத் துறைமுகத்தில் விட்டுவிட்டார்கள், திங்களிலிருந்து எல்லோருக்கும் பழையபடி மூன்று தரம். இவரைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். டொக்டரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். இவர் இப்போது கண் திறக்கிறதில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்று சொன்னேன். அலைக்கழிக்கவேண்டாம், பக்கத்தில் இருங்கள் என்றாள் டொக்டர்.

இவர் காதில் சொன்னேன், பில்டர் வந்திட்டுதாம் என்று. கேட்டதோ தெரியாது.

டிசம்பர் 7, சனி

காலையில், தேநீர் போட நான் உள்ளே போயிருந்த நேரம்.

டிசம்பர் 10, செவ்வாய்

நேற்றுக் கனத்தைச் சுடலையில் எல்லாம் முடிந்தது. கதிரைகளை வாடகைக் கடைக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். ஒன்று குறைகிறது என்று சத்தம் போட்டான். வீட்டுக்குப் பின்னால் கிடந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

மச்சாளுக்குக் கோபம். "முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியேல்லை, அதுக்குள்ளை எங்கை வெளிக்கிடுறியள்? சனம் என்ன கதைக்கும்?" சனம் கதைக்கட்டும். வீட்டில் இருந்தால் சுவர்தான் கதைக்கிறது. போனேன்.

சவரி நான் மைக்கைத் தொட வேண்டாம், சும்மா பக்கத்தில் இருந்தால் போதும் என்றான். ஆனால் ஒருவனே நாள் முழுக்கப் பேச முடியாது. என் முறை வந்தது. கடன் எல்லை விவகாரத்தைச் சபை கையாண்ட விதம் பற்றி ஒத்திவைப்பு விவாதம். ஆளுங்கட்சிக்காரர் தாங்கள் நாட்டைக் காப்பாற்றியதாகச் சொன்னார். அடுத்தது லியனகமகே எழும்பினார். தாங்கள் எதிர்க்காமல் விட்டதால்தான் நாடு தப்பியது என்றார். எங்கும் தடுமாறாமல் சொல்லிக்கொண்டு போனேன்.

பிறகு அவர், முதல் தீர்மானத்தைத் தோற்கடித்ததால் மக்கள் பாதிக்கப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வந்தார். சவரிக்கு அடுத்தது என்ன வரும் என்று விளங்கிவிட்டது. மைக்கை நிறுத்தக் கையை நீட்டினான். அவன் கையைத் தள்ளிவிட்டேன்.

"அந்த இரண்டு கிழமைத் தாமதத்தால் இந்த நாட்டில் ஒரு உயிர்கூடப் போகவில்லை," என்றேன். "இதை நான் பொறுப்போடு சொல்கிறேன்."

நேரம் முடிய மைக்கைச் சவரியிடம் கொடுத்தேன். அவன் பேசத் தொடங்கினான். நான் வெளியே போய், நடைபாதையில் நின்று, ஆறிப்போன தேநீரைக் குடித்தேன்.